வீட்டுத் திரையில் பழைய படம்

மும்பை மாட்டுங்காவில், அரோரா தியேட்டருக்குச் சென்று தமிழ்ப் படம் பார்த்த தலைமுறையினர் நம்மிடையே பலர் உளர். இன்றோ பழைய படங்களை வட்டத்தகட்டில் வாங்கி வந்து, வீட்டிலேயே கண்டு, நண்பர்களுடன் நெடுநேரம் விவாதிக்கிறோம். நடிப்பையும் ஒளிப்பதிவையும் ஆராய்கிறோம். அப்படம் நம் கைக்கு எவ்வாறு வந்தது என்பதையும் சற்றே சிந்திப்போமாக.

உதயசங்கரின் 'கல்பனா'வை எடுத்துக்கொள்வோம். சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் உருவாகி, 1948-இல் வெளிவந்த நாட்டியச் சித்திரம் அது. புனாவிலுள்ள தேசியத் திரைப்படக் காப்பகம் அதன் நகல் நெகடிவைப் பேணி வைத்திருந்தது. அதைக்கொண்டு இத்தாலியின் போலோன்யா நகரில் படத்தைப் புதுப்பித்தனர். 2012-இல் கான் விழாவில் அது மீண்டும் திரையேறியது. 2022-இல் அமெரிக்காவில் வட்டத்தகடாகவும் வெளிவந்தது.

1931-இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' அப்பேறு பெறவில்லை. அதன் பிரதி ஒன்றேனும் எஞ்சியதாகத் தெரியவில்லை. அக்காலத்து நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பற்றும். வெப்பத்திலும் ஈரத்திலும் தானே சிதையும். படம் ஓடி முடிந்தபின் அதைக் காக்க வேண்டும் என்ற எண்ணமும் அன்று பரவியிருக்கவில்லை.

இன்று நம் மும்பையிலேயே, 2014-இல் தோன்றிய ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் பழைய சுருள்களைச் சேகரித்துக் காத்துவருகிறது. நம் வீட்டுப் பரணில் பழைய படச்சுருளோ, பாட்டுப் புத்தகமோ, விளம்பரத் தாளோ இருப்பின், அதனைக் குப்பையில் எறியாது, காப்பகத்துக்கு அறிவிப்போமாக. காணவே கிடைக்காத படத்தைப் பற்றி நாம் விவாதிப்பது எங்ஙனம்?