தூண் இற்றால் வீட்டை இடிக்க வேண்டுமா?

(பிரம்மதேசத்தில் ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



மரத்தூண்கள் உத்திரம் தாங்க, நாட்டு ஓடு வேய்ந்த பழைய வீடுகள் நம் பகுதியில் இன்னும் உள்ளன. அவற்றில் ஒரு தூண் சாய்ந்தால், வீடே போயிற்று என்று இடிக்கத் துணிந்துவிடுகிறோம். ஆராய்ந்து பார்த்தால், பெரும்பாலும் தரையை ஒட்டிய ஓரிரண்டு அடிதான் கெட்டிருக்கும். மேலே மரம் உறுதியாகவே நிற்கும். கெட்டதை மட்டும் நீக்கி வீட்டைக் காக்கலாம் என்பதையே இன்று எடுத்துரைக்க விரும்புகிறோம்.

அடிப்பகுதி மட்டும் ஏன் கெடுகிறது? மரத்திலுள்ள ஈரம் நூற்றுக்கு 20 பங்குக்குக் கீழ் இருக்கும்வரை, அதை இற்றுப்போகச் செய்யும் பூஞ்சை வளர்வதில்லை. ஆனால் காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75ஐத் தாண்டினால் உப்பு நீரை இழுத்துக் கசியும். மரக்காணத்து உப்பளங்களை அடுத்து வாழும் நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. உப்பேறிய மண்ணில் ஊன்றிய தூண் ஈரம் உலராமலே நிற்கிறது. மண்வழியே கறையானும் ஏறிவிடுகிறது.

தொடங்குமுன் கூரான கம்பியால் தூணைக் குத்திப் பாருங்கள். கம்பி எளிதில் இறங்கும் இடம்வரை மரம் கெட்டது. உத்திரத்தையும் அவ்வாறே சோதியுங்கள். அது இற்றிருந்தால் தூக்குவது ஆபத்து. அனுபவமுள்ள தச்சர் இல்லாமல் இவ்வேலையில் இறங்கலாகாது.

வீட்டிலுள்ளோரை வெளியேற்றிய பின், தூணுக்கு இருபுறமும் உத்திரத்தின்கீழ் முட்டுக்கால் நிறுத்த வேண்டும். மணற்பாங்கான தரையில் முட்டை வெறுமனே ஊன்றினால் புதைந்துவிடும். ஆதலால் கனத்த பலகைகளைப் பரப்பி, மேலே திருகு ஜாக்கியை வைத்து, அதன்மீது முட்டுக்காலை ஏற்றுங்கள். இரு ஜாக்கிகளையும் மாறி மாறிச் சிறிது சிறிதாகத் திருகுங்கள். வீட்டை உயர்த்துவது நோக்கமன்று. தூண் சுமையிலிருந்து விடுபட்டால் போதும். இரண்டொரு நூல் உயர்ந்தாலே அது அசையும். மரம் முனகினாலும் சுவரில் கீறல் விட்டாலும் உடனே நிறுத்துங்கள். தூண் விடுபட்டதும் பக்கத்தில் நிலையான முட்டுகளை ஆப்படித்து நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் கீழே நிற்கலாகாது.

கெட்ட பகுதியை நல்ல மரம் தெரியும்வரை அறுத்தெடுங்கள். அவ்விடத்தில் தரைக்குமேல் ஓர் அடி உயரமுள்ள கருங்கல்லை உறுதியாகப் பதித்து, தார்த்தாள் இட்டு, தூணை அதன்மேல் அமர்த்துங்கள். மரம் இனி மண்ணைத் தொடாது. கல்லையும் தூணையும் துத்தநாகப் பூச்சுள்ள முளையால் பிணைப்பது இன்றியமையாதது. 2011 டிசம்பர் 30இல் தானே புயலும், 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயலும் இக்கரையைத் தாக்கின. புயற்காற்று கூரையைத் தள்ளுவதோடு மேலேயும் இழுக்கும் என்பதை மறவாதீர். முடிவில் ஜாக்கிகளையும் மாறி மாறி மெல்ல இறக்குங்கள்.

இது புதுமையன்று. அமெரிக்காவின் சிகாகோ நகரில், கழிவுநீர் வழி அமைக்கும்பொருட்டு, 1858 முதல் செங்கற் கட்டடங்களையே திருகு ஜாக்கிகளால் உயர்த்தினர். சாலை மட்டம் உயர்ந்ததால் பள்ளத்தில் நின்ற வீடுகளைச் சென்னையிலும் அண்மை ஆண்டுகளில் உயர்த்தியிருக்கிறார்கள்.

இதில் ஊராட்சிக்கும் பங்குண்டு. சாய்ந்த தூணுள்ள வீடுகளை மே 1இல் கூடும் கிராம சபையிலேயே கணக்கெடுக்கலாம். ஏழைக் குடும்பங்கள் ஜாக்கி வாங்க இயலாது. ஊருக்குப் பொதுவாக இரண்டு ஜாக்கிகளும் சில கனத்த பலகைகளும் இருந்தால், முறைவைத்துப் பயன்படுத்தலாம். ஐப்பசி மழைக்குமுன் வேலை முடிய வேண்டும். புயல் வரும் இரவில் ஒரு குடும்பம் தன் கூரையின்கீழ் அஞ்சாது உறங்குமானால், அதுவே நம் உழைப்பின் பயன்.