ஐ7-ஐக் கண்டு மயங்காதீர்கள்

வீட்டுக் கணினி தள்ளாடுகிறதென்றால், அலுவலகங்கள் கழித்துவிட்டதை வாங்குவதில் தவறில்லை. ஆனால் சிம் லிம் சதுக்கத்தில் ‘ஐ7’ என்ற எழுத்தைக் கண்டதுமே பலர் பணப்பையைத் திறந்துவிடுகிறார்கள்! அதன் பின்னால் வரும் எண்ணல்லவா முக்கியம்? ஐ7-4770 நான்காம் தலைமுறை. ஐ5-8500 எட்டாம் தலைமுறை.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-ஓ, இன்டெல் சில்லு என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் கீழே ஏற்காது. பாதுகாப்புத் திருத்தம் வராத கணினியில் அம்மா வங்கிக் கணக்கைத் திறக்கலாமா?

நினைவகத்தைக் கூட்டலாம், வன்தட்டைக் கழற்றி எஸ்எஸ்டி போடலாம். சில்லின் தலைமுறையை மாற்றத் தாய்ப்பலகையையே மாற்ற வேண்டியிருக்கும். கடையிலேயே கணினியை இயக்கி, எண்ணைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். பெட்டிமேல் ஒட்டிய ஸ்டிக்கர் வேறொரு கணினியிலிருந்து வந்திருக்கலாம்!