பட்டியலில் விடுபட்ட எண்

(குடியாத்தத்தில் நிகழ்ந்த உரையின் எழுத்து வடிவம்)



கணிதமேதை இராமானுசனைப் பாடும் கவிதைகளில் 1729 தவறாமல் வந்துவிடும். இரண்டு கன எண்களின் கூட்டலாக இருவேறு வழிகளில் அமையும் மிகச் சிறிய எண் அது. நாமகிரித் தாயாரின் அருளும் உடன் வரும். அவருடைய கையுழைப்பு மட்டும் பெரும்பாலும் பாட்டில் ஏறுவதில்லை. அவ்வுழைப்புக்குச் சான்றாக நிற்கும் எண் 6746328388800. ஆறு இலட்சத்து எழுபத்து நான்காயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடிக்கும் மேற்பட்டது.

தீப்பெட்டித் தொழில் கண்ட குடியாத்தத்துக்கு டஜன் கணக்கு புதிதன்று. 12-ஐ மீதியின்றி வகுக்கும் எண்கள் 1, 2, 3, 4, 6, 12 என ஆறு. அதற்குக் கீழுள்ள எந்த எண்ணுக்கும் ஆறு வகுத்திகள் இல்லை. இவ்வாறு, தன்னிற் சிறிய எண்கள் அனைத்தையும் விட மிகுதியான வகுத்திகள் உடையதே உயர் பகு எண். குரோசு எனப்படும் 144-க்கு இப்பெருமை இல்லை. அதற்கு வகுத்திகள் 15, அதனிற் சிறிய 120-க்கோ 16. புகழ்பெற்ற 1729-க்கு எட்டே எட்டு. 24-க்கே அத்தனை உண்டு!

1914-இல் கேம்பிரிட்ஜ் சென்ற இராமானுசன், மறு ஆண்டே இவ்வெண்களைப் பற்றிய நீண்ட கட்டுரையை இலண்டன் கணிதக் கழக ஏட்டில் வெளியிட்டார். 1916-இல் அவர் பட்டம் பெற்றது இவ்வாராய்ச்சிக்காகவே. கழகத்தின் பணமுடையால் அச்சேறாது நின்ற பகுதி 1988-இல்தான் வெளிவந்தது. இத்தகைய எண்ணைப் பகா எண்களாகப் பிரித்தால், சிறிய பகா எண்ணின் அடுக்கு பெரியதன் அடுக்குக்குக் குறையாது. 4, 36 ஆகிய இரண்டையும் தவிர்த்தால், கடைசிப் பகா எண் ஒருமுறையே வரும் என்று அதில் நிறுவினார்.

கட்டுரையில் நூற்றுக்கும் மேற்பட்ட உயர் பகு எண்களின் பட்டியல் உண்டு. அதன் இறுதி எண்தான் மேலே சொன்னது. அதில் 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5-உம் 7-உம் இவ்விரு முறையும், 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு முறையும் பெருக்கப்பட்டுள்ளன. அடுக்கு ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் வகுத்திகளின் தொகை கிடைக்கும்: 7×5×3×3×2×2×2×2×2, அதாவது 10080. கணிப்பொறி இல்லாத காலத்தில், ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னே அதை வெல்லும் சிறிய எண் ஏதும் இல்லை என்று தேர்ந்தாக வேண்டும்.

அத்தேர்விலும் ஒன்று தப்பியது. 293318625600 என்னும் உயர் பகு எண் பட்டியலில் இல்லை. அருள்வாக்காக இறங்கியிருந்தால் இடைவெளி ஏது? வரிசை வரிசையாகப் பெருக்கிய கைக்கே இப்படி ஒன்று நழுவும். இதைச் சொல்வதால் மேதையின் புகழ் குறையும் என அஞ்சுவோர் உண்டு, அவ்வச்சம் வேண்டாதது.

விடுபட்ட எண்ணுக்கு வகுத்திகள் 5040. அந்த 5040-உம் 60 வகுத்திகள் கொண்ட ஓர் உயர் பகு எண்ணே. பிளேட்டோ தம் கற்பனை நகரின் குடும்பத் தொகையாக வகுத்ததும் அதையே. இன்னும் ஒன்று: விடுபட்ட எண்ணை 23-ஆல் பெருக்கினால் வருவது 6746328388800. தம் பட்டியலின் கடைசி வரியில் இராமானுசன் எழுதிய அதே எண்.