படகின் காலுக்கு எண்ணெய்



பள்ளிக்கூடத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பௌதிகம் கற்பித்து, தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எண்ணெய் நீரைவிட இலேசானது, சூட்டினால் பொருள்கள் விரியும், நீர் உறைந்தால் பருமன் கூடும் என்பவற்றை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறேன். இந்த மூன்று பாடங்களையும் ஒரு படகின் பின்புறத்தில் குந்தி உட்கார்ந்து மறுபடியும் படிக்க நேர்ந்த வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல வந்திருக்கிறேன்.

அமெரிக்காவிலே மின்னசோட்டா என்றொரு மாநிலம் உண்டு. பத்தாயிரம் ஏரிகளின் நாடு என்று அது தன்னைச் சொல்லிக்கொள்ளும். அதன் பெருநகரமாகிய மினியாப்பொலிஸுக்கு மேற்கே மின்னடோங்கா என்னும் ஏரி பல கிளைகளாக விரிந்து கிடக்கிறது. 2022-ஆம் ஆண்டு கோடையில் அந்நகரில் வேலை பார்க்கும் என் மகனுடன் தங்கியிருந்தேன். அவன் அப்போதுதான் பிறர் ஓட்டிப் பழகிய மோட்டார்ப் படகு ஒன்றை விலைக்கு வாங்கி, ஏரிக்கரைத் துறையிலே கட்டி வைத்திருந்தான்.

அப்படகின் யந்திர அமைப்பை ஸ்டெர்ன் டிரைவ் என்பார்கள். மோட்டார் வண்டியில் இருப்பது போன்ற இன்ஜின் படகின் உள்ளேயே பின்பலகையை ஒட்டி நிற்கும். அதன் சுழற்சி பின்பலகையைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்து, நீருக்குள் தொங்கும் ஒரு கால் போன்ற உறுப்பினுள் நுழையும். அங்கே ஒரு சோடிச் சாய்பற்சக்கரங்கள் அச்சுழற்சியைச் செங்குத்தாகக் கீழே திருப்பும். அடியில் மற்றொரு சோடி அதை மீண்டும் பின்னோக்கித் திருப்பி, புரொப்பெல்லர் என்னும் சுழல்விசிறியைச் சுற்றும். ஜிம் வின் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் இக்கருத்தை எடுத்துச்செல்ல, ஸ்வீடன் நாட்டு வால்வோ பென்டா நிறுவனம் 1959-இல் 'அக்வாமேட்டிக்' என்ற பெயரில் இதனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1961-இல் அமெரிக்காவின் 'மெர்க்குரூஸர்' வந்தது. இன்றும் அந்நாட்டு ஏரிகளில் இவ்வமைப்புள்ள படகுகள் ஏராளம்.

இரண்டு இடங்களில் முழுச் செங்கோணமாகத் திரும்ப வேண்டிய விசை அது. நூறு, இருநூறு குதிரைத்திறன் ஒரு கையகலப் பற்களின்மீது இறங்குகிறது. பற்கள் ஒன்றையொன்று அழுத்தும் இடத்தில் சாதாரண எண்ணெயின் படலம் பிதுங்கி விலகிவிடும். ஆகையால் கந்தகம், பாஸ்பரஸ் ஆகியவற்றின் சேர்மங்களைக் கலந்த எண்ணெயை அங்கே இடுகிறார்கள். அழுத்தமும் சூடும் மிகும்போது அச்சேர்மங்கள் உருக்கின் மேற்பரப்போடு வினைபுரிந்து மெல்லிய காப்புப் படலமாகப் படிந்து, உலோகம் உலோகத்தைக் கவ்வாமல் தடுக்கின்றன. கியர் ஆயில் டப்பாவைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் அந்த நாற்றம் கந்தகத்தின் கொடை. நம் ஊர்களில் கட்டை வண்டிக்கு வைக்கோல் கரியையும் விளக்கெண்ணெயையும் குழைத்து மை போட்டவர்கள் இச்சூத்திரங்களை அறியார். ஆயினும் வழுவழுப்பு மட்டும் போதாது, அழுத்தத்தில் நின்று பிடிக்கும் பொருளும் வேண்டும் என்பதைக் கை அனுபவத்தால் கண்டிருந்தார்கள்.

டப்பாவின்மேல் 80 டபிள்யூ-90 என்பது போன்ற எண்களைக் காண்பீர்கள். அவை எண்ணெயின் பாகுநிலையைக் குறிப்பன. டபிள்யூ என்ற எழுத்தோடு சேர்ந்த எண் குளிரில் எப்படி ஓடும் என்பதையும், பின் எண் கொதிக்கும் நீரின் சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதையும் காட்டும். ஜி.எல்.-5 என்றிருந்தால் கடும் அழுத்தத்தைத் தாங்கும் வகுப்பைச் சேர்ந்தது என்று பொருள். இவ்விரண்டும் பொருந்திவிட்டால் லாரியின் பின் அச்சுக்கு ஊற்றும் எண்ணெயையே படகுக்கும் ஊற்றலாமே என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, விலையும் குறைவு. ஆனால் லாரியின் பெட்டி நீரில் மூழ்கிக் கிடப்பதில்லை. படகுக்கென்று செய்யும் எண்ணெயில், சிறிதளவு நீர் புகுந்தாலும் பற்களும் பேரிங்குகளும் துருப்பிடியாதபடி காக்கும் பொருள்களைக் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். இன்னொன்று: எல்லாப் படகுக் காலுக்கும் ஒரே எண்ணெய் என்பதும் இல்லை. வால்வோ பென்டாவின் பழைய மாதிரிகள் சிலவற்றுக்கு இன்ஜின் எண்ணெயே விதிக்கப்பட்டிருந்தது. பின்னால் வந்தவற்றுக்குச் செயற்கைக் கியர் எண்ணெய். படகோடு வரும் கையேட்டைத் திறந்து பாராமல் கடைக்காரர் சொல்லை நம்பி வாங்குவது, வைத்தியரின் சீட்டைப் பாராமல் மருந்து வாங்குவதற்குச் சமம். உள்ளே எது இருக்கிறதோ அதையேதான் குறை நிரப்பவும் இட வேண்டும்.

இனி, குறை நிரப்பும் கதைக்கு வருகிறேன். எங்கள் படகில் இன்ஜினுக்கு அருகே ஒரு பிளாஸ்டிக் குப்பி பொருத்தப்பட்டிருந்தது. அதிலிருந்து ஒரு குழாய் காலின் பற்சக்கரப் பெட்டிக்குச் செல்லும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது குப்பியின் பக்கத்திலுள்ள கோட்டளவில் எண்ணெய் நிற்க வேண்டும். ஓடிச் சூடேறினால் எண்ணெய் விரிந்து குப்பியில் ஏறும், ஆறினால் இறங்கும். சூடாக இருக்கையில் அளவு பார்ப்பவன் ஏமாந்துபோவான்.

ஜூன் மாதத்தில் ஒரு நாள் குப்பியில் எண்ணெய் இரண்டு விரல் குறைந்திருந்தது. "அப்பா, ஊற்றிவிடட்டுமா?" என்று மகன் கேட்டான். "குறைந்ததை நிரப்புவதில் என்ன யோசனை? ஊற்று" என்றேன். ஜூலையில் மறுபடி குறைந்தது, மறுபடி ஊற்றினோம். ஒரு கரண்டி எண்ணெய்தானே என்று நினைத்தேன். அடைத்து வைத்த பெட்டியிலிருந்து எண்ணெய் ஆவியாகிப் போவதில்லை, எரிந்து போவதும் இல்லை. அப்படியானால் போன எண்ணெய் எங்கே போயிற்று? ஒரு மாணவன் என்னைக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. நான் என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. அது ஏரிக்குள் போய்க்கொண்டிருந்தது. எங்கள் படகின் கையேட்டிலோ, சுமார் 60 மில்லி லிட்டருக்கு மேல் ஊற்ற வேண்டியிருந்தால் எங்கோ சீல் கசிகிறது என்று பொருள் என எச்சரிக்கை அச்சிட்டிருந்தது. அதை அக்டோபரில் படித்தோம்.

ஆகஸ்டில் நாங்கள் மூன்று வாரம் வெளியூர் போனோம். மகனின் நண்பன் ஒருவன் படகை ஓரிரு முறை எடுத்து ஓட்டினான். திரும்பி வந்து பார்த்தால் குப்பி வறண்டிருந்தது. மூன்றாம் முறையும் ஊற்றினோம்!

இங்கே சற்று நின்று ஒரு கணக்குப் போடுவோம். சுழல்விசிறியின் அச்சு நீர்மட்டத்துக்கு 60 சென்டிமீட்டர் கீழே இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து 60 சென்டிமீட்டர் உயர நீரின் அழுத்தம் சீலைத் தள்ளுகிறது. குப்பியின் எண்ணெய் நீர்மட்டத்துக்கு மேல் 20 சென்டிமீட்டரில் நின்றால் உள்ளே 80 சென்டிமீட்டர் எண்ணெய்த் தூண் உண்டு. எண்ணெயின் அடர்த்தி நீரினுடையதில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு. ஆகவே அத்தூண் 72 சென்டிமீட்டர் நீருக்குச் சமம். உள் அழுத்தம் மிகுதி. சீல் கிழிந்தாலும் எண்ணெய் வெளியேறுமே தவிர நீர் புகாது. எண்ணெய் நீர்மட்டத்துக்கு மேல் ஏழு சென்டிமீட்டர் அளவுக்கு இறங்கிவிட்டால் இரு பக்கமும் சமம். அதன்பின் படகு ஓடிச் சூடேறும்போது விரியும் எண்ணெய் கிழிசல் வழியே வெளியே போகும். குளிர்ந்து சுருங்கும்போது அதே வழியாக ஏரிநீர் உள்ளே வரும். குப்பியில் எண்ணெய் இருந்தவரை அது ஒரு காவலாளி. காவலாளி போனபிறகுதான் நீர் புகுந்தது.

அக்டோபரில் குளிர் தொடங்கவே படகுகளைக் கரையேற்றினார்கள். ஓய்வு பெற்ற தச்சு வேலை ஆசிரியர் ஒருவர் எங்களுக்கு அண்டை வீட்டுக்காரர். அவர் உதவிக்கு வந்தார். காலைச் செங்குத்தாக நிறுத்தி, அடியிலுள்ள திருகை அவர் மெதுவாகத் தளர்த்தினார். எண்ணெய் வருமுன்னே தெளிந்த நீர் ஒரு டம்ளர் அளவு வந்தது. கனமானது அடியில் தங்கும் அல்லவா? பின்னர் பால் மிகுந்த காப்பியின் நிறத்தில் எண்ணெய் வடிந்தது. அவர் ஒன்றும் பேசாமல் அந்த நீரை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்து என்னிடம் நீட்டினார். அறுபது வயதுக்கு மேல் வகுப்பிலே விடை தெரியாமல் நின்றவன் போல நின்றேன்.

மின்னசோட்டாவின் மாரிக்காலத்தில் ஏரியே உறைந்து, அதன்மேல் மனிதர் நடமாடுவர். நீர் உறையும்போது பருமனில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்பது பங்கு கூடும். அந்த ஒரு டம்ளர் நீர் அடியிலேயே கிடந்து உறைந்திருக்குமானால் அலுமினியப் பெட்டி வெடித்திருக்கும். ஏப்ரலில் முழுக் காலையே மாற்ற வேண்டி வந்திருக்கும். வசந்தத்தில் எண்ணெய் மாற்றுவதைவிட இலையுதிர்காலத்தில் மாற்றுவதே நன்று என்று அங்குள்ளோர் சொல்வதன் காரணம் இதுவே.

சுழல்விசிறியைக் கழற்றியதும் குற்றவாளி அகப்பட்டான். யாரோ அறுத்து விட்ட தூண்டில் நரம்பு அச்சைச் சுற்றி இறுகி, சீலின் உதட்டை அரிந்திருந்தது. சீலை மாற்றி, பெட்டிக்குள் காற்றழுத்தம் ஏற்றிச் சோதித்து, அழுத்தம் இறங்கவில்லை என்று கண்ட பின்னரே எண்ணெய் நிரப்பினோம். திருகின் காந்த நுனியில் கரிய பசை போன்ற பொடி மட்டும் ஒட்டியிருந்தது. அது வழக்கமான தேய்மானம். சில்லுகள் இருந்திருந்தால் பற்கள் உடைந்திருக்கும்.

நிரப்பும் முறையும் உங்களுக்கு உவப்பாயிருக்கும். மேலிருந்து புனல் வைத்து ஊற்றினால், குறுகிய கழுத்துள்ள சீசாவில் எண்ணெய் ஊற்றுவது போலக் காற்று மாட்டிக்கொண்டு 'களக் களக்' என்று மறிக்கும். நிரம்பியது போலத் தோன்றி உள்ளே வெற்றிடம் நிற்கும். ஆகவே அடித்துளையில் கைப்பம்பைப் பொருத்திக் கீழிருந்து மேலாக ஏற்ற வேண்டும். மேல்துளை வழியாகக் குமிழியின்றி எண்ணெய் வழியும் வரை ஏற்றி, முதலில் மேல்துளையை மூட வேண்டும். அதன்பின் பம்பைக் கழற்றிச் சட்டென்று அடித்திருகை, புதிய வாஷரோடு, இறுக்க வேண்டும். இளநீர் உறிஞ்சும் குழாயின் மேல்வாயை விரலால் மூடினால் உள்ளிருப்பது கீழே விழாமல் நிற்கிறதே, அந்த நியாயம்தான். இம்முறை திருகை இறுக்கும் பொறுப்பை அண்டை வீட்டார் என்னிடம் கொடுத்தார். சில துளிகளே சிந்தின. பின்பு குப்பியைக் கோடுவரை நிரப்பினோம். உள்ளே சிக்கிய காற்று மெல்ல மேலேறியதால் மறுநாள் சற்றே குறைந்திருந்தது. அதை மட்டும் நிரப்பினோம்.

மகன் குப்பியின்மேல் மசியால் ஒரு கோடிட்டுத் தேதியும் எழுதினான். அடுத்த ஏப்ரலில் பனி உருகி, படகை ஏரியில் இறக்கினார்கள். நான் அப்போது ஊர் திரும்பியிருந்தேன். ஜூன் மாதக் கடைசியில் அவன் குப்பியைப் படம் எடுத்து அனுப்பினான். எண்ணெய் அந்தக் கோட்டிலேயே நின்றது.