பயறு வேரைப் பாருங்க, மண்ணைப் பரிசோதிங்க

பழவேற்காடு ஏரிக்கரைப் பெருமக்களே, சுய உதவிக்குழுச் சகோதரிகளே!

மீன்பிடிப்பை நம்பியிருக்கும் குடும்பங்களிலும் சிலருக்குக் கொஞ்சம் நிலமோ வீட்டுத்தோட்டமோ இருக்கு. அதில் போட்ட பச்சைப்பயறோ உளுந்தோ மஞ்சளாகி வளராம நின்னா, உடனே யூரியா வாங்கிப் போடுறோம். அதுக்கு முன்னால ஒரு செடியை வேர் அறாமல் தோண்டி எடுத்துப் பாருங்க.

பயறு வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். அதுக்குள்ள இருக்கிற ரைசோபியம் பாக்டீரியாதான் காற்றிலுள்ள தழைச்சத்தைச் செடிக்குப் பிடிச்சுக் கொடுக்குது. பூக்கும் பருவத்தில் முடிச்சை நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கணும். வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தாலும், முடிச்சே இல்லாவிட்டாலும், அங்கே வேலை நடக்கலைன்னு அர்த்தம்.

அதுக்குப் புளிப்பு மண் ஒரு காரணம். நீலகிரியில் கனமழை மண்ணிலுள்ள சுண்ணாம்புச்சத்தை அடித்துக்கொண்டு போவதால் மண் அமிலமாகிறது. கார அமில நிலை 5.5-க்குக் கீழே இறங்கினால் அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கெடுக்கும், பாக்டீரியா பெருகாது, தழைச்சத்தைப் பிடிக்கத் தேவையான மாலிப்டினமும் சரியாகக் கிடைக்காது. அங்கே மருந்து சுண்ணாம்பு.

ஆனா நம்ம ஏரி உப்பங்கழி. கரையோர நிலத்தில் பெரும்பாலும் உப்புதான் சிக்கல். உப்பு ஏறினாலும் முடிச்சு சரியாப் பிடிக்காது. அறிகுறி ஒண்ணு, காரணம் வேற. உவர் நிலத்துக்கு நல்ல தண்ணீரைத் தேக்கி வடிக்கணும். களர் நிலத்துக்கு ஜிப்சம் போடணும். ஏரியில் கிளிஞ்சல் இருக்கேன்னு சுண்ணாம்பை அள்ளிப் போட்டுடாதீங்க. உப்பு அதனால் போகாது.

எந்த மண்ணுன்னு பரிசோதனைதான் சொல்லும். வரப்பு, எருக்குவியல், மரத்தடி தவிர்த்து, 10 முதல் 15 இடங்களில் 15 செ.மீ. ஆழம் வரை மண் எடுத்துக் கலந்து, அதில் அரை கிலோவை நிழலில் உலர்த்துங்க. பெயர், சர்வே எண், அடுத்த பயிர் எழுதி, மீஞ்சூர் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கொடுங்க. 2015-ல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் முடிவும் உரப் பரிந்துரையும் அட்டையாகக் கிடைக்கும். அதில் கார அமில நிலையோடு மின் கடத்துதிறனையும் பாருங்க. உப்பின் அளவைக் காட்டுவது அதுதான்.

மண்ணைச் சரிசெய்த பிறகு, ஆறிய கஞ்சியில் ரைசோபியத்தைக் கலந்து விதையில் பூசி, நிழலில் உலர்த்தி, 24 மணி நேரத்துக்குள் விதையுங்க. மண் சரியில்லாத இடத்தில் அந்தப் பாக்கெட்டுக்குக் கொடுத்த காசும் வீண், யூரியாவுக்குக் கொடுத்த காசும் வீண். இந்தப் பட்டத்துக்கு விதை வாங்கும் முன் மண்ணைக் கொண்டுபோய்க் கொடுத்துடுங்க.