கூலி கொடுக்க எண் கேட்கிறார்கள்

(மணவூர் விவசாயிகள் கூட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)

 

தண்ணீர், மின்சாரம், நெல் கொள்முதல் பற்றியெல்லாம் எனக்கு முன்னால் பேசியவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் பேச வந்தது அந்தப் பன்னிரண்டு இலக்க எண்ணைப் பற்றி. ஆதார் எண்ணுக்கும் விவசாயிகள் சங்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்டார்கள். சம்பந்தம் இருக்கிறது. காலையில் நாலு பேரை வைத்துக் களை எடுக்கும்போது நாம் வேலை கொடுக்கிறவர்கள். அதே நேரத்தில் நம்ம வீட்டு அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறார், பையன் கம்பெனி வேனுக்காக ரோட்டில் நிற்கிறான். அங்கே நாம் வேலை கேட்கிறவர்கள். எண்ணைக் கேட்கிற இடத்திலும் இருக்கிறோம், கொடுக்கிற இடத்திலும் இருக்கிறோம். ரெண்டு இடத்திலும் சட்டம் தெரியாமல்தான் இருக்கிறோம்.

முதலில் நூறு நாள் வேலை. எங்க தெருவில் ஒரு அம்மா, பிறந்த ஊர் நகரிப் பக்கம். ஆதார் அங்கேயே எடுத்தது. தெலுங்கு வழக்கப்படி வீட்டுப்பேர் முன்னால் இருக்கும். இங்கே வேலை அட்டையில் புருஷன் பேரின் இனிஷியல். நமக்கு ஒரே அம்மா, கம்ப்யூட்டருக்கு ரெண்டு பேர். 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி ஆந்திராவிலிருந்து நம்ம பக்கம் வந்தது. எல்லைக்கோடு மாறியதே தவிர பெண் கொடுப்பதும் எடுப்பதும் நிற்கவில்லையே! இந்தத் தாலுகாவில் இப்படி எத்தனை வீடு இருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

2024 ஜனவரி 1 முதல் இந்த வேலைக்குக் கூலி ஆதார் வழியாகத்தான் என்று மத்திய அரசு கட்டாயமாக்கியது. வேலை அட்டையில் இருக்கிற பேரும் ஆதார் பேரும் ஒத்துப்போக வேண்டும். அது மட்டுமல்ல. பணம் நீங்கள் எழுதிக் கொடுத்த கணக்குக்குப் போகாது. ஆதார் எண் கடைசியாக எந்த வங்கிக் கணக்கோடு சேர்க்கப்பட்டதோ அதற்குத்தான் போகும். குழுக்கடன் வாங்க வேறொரு வங்கியில் கணக்குத் திறந்திருப்பீர்கள், கூலி அங்கே போய் விழுந்திருக்கும். இங்கே பாஸ்புக்கைத் தூக்கிக்கொண்டு நடையாய் நடப்பீர்கள். கூலி வரவில்லை என்கிறவர்கள் முதலில் அந்தப் பழைய கணக்கைப் பாருங்கள்.

2022-23 ஒரே வருஷத்தில் நாடு முழுக்க 5 கோடிக்கு மேற்பட்ட தொழிலாளர்களின் பேர் அந்தத் திட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. நான் சொல்லவில்லை, 2023 ஜூலையில் மத்திய அரசே நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்கு. போலி அட்டை, இறந்தவர்கள், ஊரை விட்டுப் போனவர்கள் என்று காரணம் சொன்னார்கள். போலியை நீக்கு, யார் வேண்டாம் என்றது? ஆனால் ஊரில் உயிரோடு இருக்கிறவரின் பேரை நீக்கும்போது அவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வேறு சட்டம் நிறைவேற்றிவிட்டார்கள். சட்டத்தின் பேர் மாறியதால் நம்ம அட்டையின் எழுத்துப்பிழை சரியாகிவிடாது.

அடுத்தது கம்பெனி வேலை. 2018 செப்டம்பர் 26-ல் உச்ச நீதிமன்றம் ஆதார் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அரசு நிதியிலிருந்து தரும் உதவிக்கு எண் கேட்கலாம், தனியார் கம்பெனிகள் வெறும் ஒப்பந்தத்தைக் காட்டி ஆதாரை வைத்து ஆளைச் சரிபார்க்க முடியாது என்றது. ஆனால் பி.எஃப். விஷயம் வேறே. சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் 142-வது பிரிவு 2021 மே மாதம் அமலுக்கு வந்தது. அந்த வருஷம் செப்டம்பரிலிருந்து ஆதார் இணைக்காத ஆளுக்கு கம்பெனி பி.எஃப். பணம் கட்டவே முடியாது. ஆகவே பி.எஃப். உள்ள கம்பெனி எண்ணைக் கேட்டால் சண்டை போடாதீர்கள், அதற்குச் சட்டம் இருக்கிறது.

சண்டை போட வேண்டிய இடம் வேறே. என் தம்பி பையன் ஒரு காண்டிராக்டர் மூலம் வேலைக்குச் சேர்ந்தான். பிறந்த தேதி ஒத்துவரவில்லை என்று எட்டு மாசம் அவன் பேரில் பி.எஃப். கட்டவில்லை. சம்பளத்தில் மட்டும் மாசாமாசம் பிடித்தார்கள்! கேட்டால் ‘உன் ஆதார்தான் தப்பு’ என்றார்கள். தொழிலாளியிடம் பிடித்த பணத்தை உரிய இடத்தில் கட்டாமல் வைத்திருப்பது நம்பிக்கை மோசடி. அன்றைக்கு இந்தியத் தண்டனைச் சட்டத்திலும் இருந்தது, இன்றைக்கு பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இருக்கிறது. எண் ஒத்துவராதது சம்பளத்தை நிறுத்தவும் காரணம் ஆகாது. 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கிற ஊதியச் சட்டத் தொகுப்பின்படி மாசச் சம்பளம் அடுத்த மாசம் 7-ந் தேதிக்குள் கைக்கு வர வேண்டும். வேலையை விட்டு நிறுத்தினால் ரெண்டு வேலை நாளுக்குள் கணக்கு முடிக்க வேண்டும்.

நம்ம பக்கத்துத் தப்பையும் சொல்லித்தான் ஆகவேண்டும். வயசு பத்தவில்லை என்று அண்ணன் கார்டைக் கொடுத்துத் தம்பியை வேலைக்குச் சேர்க்கிற வழக்கம் இருக்கிறது. அது ஆள்மாறாட்டம், கேஸ் ஆகும். அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. நாளைக்கு மெஷினில் கை போனால் ரெக்கார்டில் அடிபட்டது அண்ணன். அண்ணன் வீட்டில் முழுசாக உட்கார்ந்திருக்கிறான். நஷ்ட ஈட்டுக்கு எங்கே போய் நிற்பீர்கள்?

இதே விஷயம் செங்கல் சூளை, ரைஸ் மில் வைத்திருக்கிறவர்களுக்கும், அறுப்புக்கு ஒடிசா, பீகார் ஆட்களை வைக்கிற நமக்கும் பொருந்தும். ‘ஆதாரில் 18 என்று இருந்ததே’ என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஆதார் பிறந்த தேதிக்கு அத்தாட்சி இல்லை. விபத்து நஷ்ட ஈட்டு வழக்கொன்றில் 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஆதாரை விட்டுவிட்டு பள்ளிச் சான்றிதழில் இருந்த தேதியைத்தான் எடுத்துக்கொண்டது. பி.எஃப். அலுவலகமும் அந்த வருஷம் ஜனவரியிலேயே பிறந்த தேதிச் சான்று பட்டியலிலிருந்து ஆதாரை எடுத்துவிட்டது. 14 வயசுக்குக் கீழே ஒரு பிள்ளையை வேலைக்கு வைத்தால் 6 மாசம் முதல் 2 வருஷம் வரை ஜெயில், அல்லது 20,000 முதல் 50,000 வரை அபராதம், இல்லை ரெண்டும். பள்ளிச் சான்றிதழைக் கேளுங்கள்.

இன்னொன்று, நானே செய்தது. அறுப்புக்கு வந்த ஆட்களின் கார்டை ஜெராக்ஸ் எடுத்து, ஒரு கட்டாகக் கட்டி மோட்டார் ரூமில் போட்டு வைத்திருந்தேன். அடுத்த வருஷம் பார்த்தால் பாதி எலி தின்றது, மீதியில் எங்க வீட்டுப் பையன் பட்டாணி மடித்துத் தின்றுகொண்டிருக்கிறான். அடுத்தவன் வங்கிக் கணக்கின் சாவி அது! 2018-ல் தெலங்கானாவில் ஒருவர், நிலப் பத்திரங்களில் இருந்த கைரேகையை எடுத்து ரப்பரில் அச்சு செய்து, சிம் கார்டு விற்பனைக்குப் பயன்படுத்திப் பிடிபட்டார். காகிதம்தானே என்று அலட்சியமாக இருக்காதீர்கள்.

ஆதார் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 8ஏ பிரிவு என்ன சொல்கிறது? கருவியில் விரல் வைக்காமல், கார்டை மட்டும் பார்த்துச் சரிபார்க்கிறவர் சம்மதம் வாங்க வேண்டும், வேறு என்ன சான்று காட்டலாம் என்றும் சொல்ல வேண்டும், எண்ணை வாங்கிச் சேர்த்து வைக்கக் கூடாது. மீறினால் 3 வருஷம் வரை சிறை அல்லது 10,000 வரை அபராதம், கம்பெனி என்றால் 1 லட்சம் வரை. முன்பு ஆதார் ஆணையம் புகார் கொடுத்தால்தான் கோர்ட் எடுக்கும். இப்போது பாதிக்கப்பட்டவரே புகார் கொடுக்கலாம்.

அப்போ ஆள் யார் என்று தெரிந்துகொள்வது எப்படி? வாக்காளர் அட்டை போதும். ஆதார்தான் என்றால் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரிகிற, மற்றதை மறைத்த கார்டு இருக்கிறது. அதை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். அதில் உள்ள சதுரக் கட்டத்தை போனில் ஸ்கேன் செய்தால் அசல், போலி தெரிந்துவிடும். சந்தேகம் என்றால் 1947-க்கு போன் போடுங்கள். புரோக்கர் பேச்சைக் கேட்டுப் பிறந்த தேதியைக் கண்டபடி மாற்றாதீர்கள். தேதியை ஒரு தடவைதான் மாற்ற விடுவார்கள், பேரை ரெண்டு தடவை.

வருகிற திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் திருவள்ளூர் கலெக்டரிடம் மனு கொடுக்கப் போகிறோம். பேர் நீக்குவதற்கு முன் வீட்டுக்கு நோட்டீஸ் வர வேண்டும், கிராம சபையில் பட்டியலைப் படிக்க வேண்டும். பேர் திருத்த முகாம் மணவூரிலேயே நடக்க வேண்டும், தெலுங்கு கார்டு படிக்கத் தெரிந்த ஆள் அதில் இருக்க வேண்டும். நின்றுபோன கூலி முழுக்க வர வேண்டும். இவைதான் கோரிக்கை. கூலி நின்றவர்கள் வேலை அட்டை, பாஸ்புக், ஆதார் மூன்றையும் கொண்டு வாருங்கள். ஜெராக்ஸ் வேண்டாம், அசலைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். காலை எட்டு மணிக்கெல்லாம் ஸ்டேஷனுக்கு வந்துவிடுங்கள், மின்சார ரயிலில் சேர்ந்தே போவோம்.