உட்காரும் இடத்துத் தசை



இன்று பிட்டத்தைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள். முழங்கால் வலியை நாலு பேர் நடுவில் சொல்கிறோம். இந்த இடத்தை மட்டும் கிண்டலுக்கென்று ஒதுக்கிவிட்டோம். ஆனால் உடம்பிலேயே மிகப் பெரிய தசையான பெரும்பிட்டத் தசை அங்கேதான் இருக்கிறது. உட்கார்ந்த இடத்தை விட்டு நம்மை எழுப்புவதிலும் படியேற்றுவதிலும் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

உடற்பயிற்சிக் கூடங்களில் அடிக்கடி காதில் விழும் கேள்வி ஒன்று: "பின்பக்கம் தொளதொளன்னு இருக்கு, கெட்டியாக என்ன செய்யணும்?"

பதிலை ஊசி போடும் அறையிலிருந்து தொடங்குவோம். இடுப்பு ஊசி என்று மரியாதையாகச் சொல்கிறோமே, அது போய்ச் சேருவது பெரும்பாலும் பிட்டத் தசைக்குள்தான். போடுவதற்கு முன் நர்ஸம்மா என்ன சொல்வார்? "இறுக்காதீங்க, லூஸா விடுங்க." பயத்தில் இறுக்கினால் அந்த இடமே விறைத்துக்கொள்கிறது, தளரவிட்டால் மெத்தென்று ஆகிவிடுகிறது. எத்தனை வருடம் எடை தூக்கியவராக இருந்தாலும் ஓய்வில் இருக்கும் தசை மிருதுவானதுதான். அப்படியானால் சும்மா நிற்கும்போது கைக்குத் தட்டுப்படுகிற கெட்டியோ தொளதொளப்போ எங்கிருந்து வருகிறது? மேலே தோல், அதன் கீழே கொழுப்பு, அதற்கும் கீழே தசை. விரல் வைத்து அழுத்தினால் முதலில் அகப்படுவது கொழுப்பு. அந்த அடுக்கு தடிமனாக இருந்தால், அடியில் இருக்கும் தசை எவ்வளவு வலுவாக இருந்தாலும் விரலுக்கு அது தெரியப்போவதில்லை. எனவே உணவைக் கவனிக்காமல் பயிற்சி மட்டும் செய்கிறவருக்கு வடிவம் மாறும், உருண்டு திரண்டு மேலெழும். தொட்டால் மட்டும் பழைய மென்மைதான்.

இதற்கு நேர்மாறான கதை இன்னும் அதிகம். வயிற்றைக் கட்டி 10 கிலோ குறைத்தவர்கள், "எடை போச்சு, ஆனா எல்லாம் தொங்குது" என்கிறார்கள். பட்டினி கிடந்து இறக்கிய எடை முழுவதும் கொழுப்பு அல்ல. பொதுவாக நாலில் ஒரு பங்கு வரை தசை உள்ளிட்ட கொழுப்பல்லாத பகுதியிலிருந்து போகும் என்பது மருத்துவ உலகில் பழகிப்போன கணக்கு. கொழுப்பும் போய்த் தசையும் மெலிந்தால், பாதிப் பஞ்சை உருவிய தலையணையின் உறை மாதிரி தோல் துவள்கிறது. கொழுப்பு இறங்க இறங்க, அந்த இடத்தைத் தசை வந்து நிரப்ப வேண்டும். இரண்டும் சேர்ந்து நடக்கும்போதுதான் நாம் கேட்கிற இறுக்கம் கிடைக்கிறது.

"அதான் தினமும் நடக்கிறேனே" என்பீர்கள். நடங்கள், இதயத்துக்கு நல்லது. ஆனால் சமதரையில் நடக்கும்போது பெரும்பிட்டத் தசைக்குப் பெரிதாக வேலை இல்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் டேனியல் லீபர்மன் குழுவினர் 2006 இல் இதை அளந்து பார்த்தார்கள். ஓடும்போது அந்தத் தசை நன்றாகவே உழைக்கிறது. சமதரை நடையிலோ பெயருக்குத்தான் அசைகிறது. லிஃப்டை விட்டுவிட்டுப் படியேறுவது இந்த விஷயத்தில் அதிகம் பயன் தரும்.

பயிற்சி செய்கிற இடத்தில் மட்டும் கொழுப்பு கரையும் என்பது இன்னொரு நம்பிக்கை. 1971 இல் கலிஃபோர்னியாவில் டென்னிஸ் வீரர்களைச் சோதித்தார்கள். வருடக்கணக்கில் மட்டை பிடித்த கை, பிடிக்காத கையைவிடப் பருத்திருந்தது. தோலுக்கடியில் இருந்த கொழுப்பின் தடிமனோ இரண்டு கையிலும் ஏறக்குறைய ஒன்றேதான். எங்கிருந்து கொழுப்பை எடுப்பது என்று உடம்பு நம்மைக் கேட்பதில்லை.

சரி, என்ன செய்யலாம்? தாத்தாக்கள் போட்ட பஸ்கி, அதாவது உட்கார்ந்து எழும் பயிற்சி, போதும், தொடங்குவதற்கு. அதைவிட எளிது இன்னொன்று. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, குதிகாலைத் தரையில் ஊன்றி இடுப்பை மேலே தூக்குங்கள். உச்சியில் ஒரு நொடி பிட்டத்தை இறுக்கி நிறுத்தி, மெதுவாக இறக்குங்கள். தொடையின் பின்பக்கம் பிடித்து இழுத்தால் பாதம் தள்ளி இருக்கிறது என்று பொருள், கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள். பதினைந்து முறை சுலபமாகிவிட்டால் மடியில் 5 கிலோ அரிசிப் பையை வையுங்கள். அதுவும் பழகினால் ஒற்றைக் காலில் தூக்குங்கள். சுமை கூடாவிட்டால் தசை வளராது. பலர் தோற்பது இங்கேதான், ஒரே கணக்கை வருடம் முழுக்க ஓட்டுகிறார்கள். வாரம் இரண்டு மூன்று நாள் போதும். முதல் சில வாரங்களில் கூடுகிற பலம் பெரும்பாலும் நரம்புகள் வேலை கற்றுக்கொண்டதால் வருவது. கண்ணாடியில் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும்.

சாப்பாட்டில் கவனிக்க வேண்டியது புரதத்தை. உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. தசை வளர்க்கப் பயிற்சி செய்கிறவர்களுக்கு 1.6 கிராம் வரை பலன் தெரிகிறது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான். தட்டு நிறையச் சோறும் தெளிந்த சாம்பாருமாக இருந்தால் கணக்கு எப்படி எட்டும்? பருப்பு, சுண்டல், மீன், தயிர் எதையாவது கூட்டிக்கொள்ளுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக்கூடாது.

தோலின் மேல் தெரியும் குழிகளைப் பற்றியும் கேட்பார்கள். கொழுப்புக்கு நடுவே ஓடும் நார்கள் தோலை உள்பக்கம் இழுப்பதால் வருபவை அவை. ஒல்லியான பெண்களுக்கும் இருக்கும். களிம்பு தடவி அவை போவதாக இருந்தால் நான் இவ்வளவு நேரம் பேசியிருக்க வேண்டியதில்லை.

பெண்களுக்கு ஒன்று. இடுப்புக்குக் கீழே சேரும் கொழுப்பு ஹார்மோன் பார்த்துச் சேர்த்து வைப்பது. வயிற்றுக்குள் சேரும் கொழுப்பைப் போல அது இதயத்துக்கும் சர்க்கரைக்கும் கெடுதல் செய்வதில்லை. இறங்கும்போதும் கடைசியாகத்தான் இறங்கும். தொப்பை குறைந்து பின்பக்கம் அப்படியே இருக்கிறதென்றால் முயற்சி வீண் என்று நினைத்துவிடாதீர்கள், வரிசை அப்படி.

வயதானவர்களுக்குக் கெட்டி, தொளதொளப்பு எல்லாம் கவலையில்லை, நாற்காலியை விட்டுக் கை ஊன்றாமல் எழ முடிந்தால் போதும் என்றிருக்கும். உட்காரும் இடத்தில் இரண்டு தலையணை போட்டு உயரமாக்கி, அங்கிருந்து எழுந்து பழகுங்கள். சுலபமானதும் ஒரு தலையணையை எடுத்துவிடுங்கள். இடுப்பு மூட்டு அறுவை செய்துகொண்டவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்கலாம்.